வாயு இல்லை, மாரடைப்பு

பாலக்கோடு தக்காளி மண்டியில் கூடை தூக்குகிறவருக்கு நெஞ்சை அடைத்தால், பக்கத்தில் நிற்பவர் வாயிலிருந்து முதலில் வருவது ‘வாயுப் பிடிப்பு’தான். ஒரு சோடா, கொஞ்சம் ஓமத்தண்ணீர், அரை மணி நேரம் படுக்கை. என் சண்டை அந்த அரை மணி நேரத்தோடு. நாளொன்றுக்குச் சுமார் 1 லட்சம் முறை துடித்து, நிமிடத்துக்கு 5 லிட்டர் அளவில் ரத்தம் இறைக்கிற இதயம், தன் அறைகளில் நிறைந்த ரத்தத்தால் பிழைப்பதில்லை. மேலே படர்ந்த கரோனரி நாளங்கள் கொடுத்தால்தான் உண்டு. அவற்றிலொன்றில் கொழுப்புப் படிவு பிளந்து ரத்தம் உறைந்தால், அந்த நாளத்தை நம்பிய தசை சாகத் தொடங்கும். செத்த தசை திரும்ப முளைக்காது. சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல், வெறும் வியர்வையும் மூச்சுத்திணறலுமாகக்கூட மாரடைப்பு வரும், ஏமாறுவது அங்கேதான். 2023-இல் தமிழக அரசு ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் என மூன்று மருந்துகளில் மொத்தம் 14 மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே கிடைக்கச் செய்தது. உருப்படியான வேலை. ஆனால் அந்த மாத்திரைகள் ஏற்கெனவே விழுந்த அடைப்பைக் கரைத்துவிடாது. உறைவு மேலும் வளராமல் பிடித்துவைக்கும், அவ்வளவே. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் ஆகவேண்டும், அதுவும் பைக்கின் பின்னால் உட்கார்ந்து அல்ல, ஆம்புலன்ஸில். காதுகுத்து பேனருக்குக் கிடைக்கிற இடத்தில் கால்வாசியை மண்டி வாசலிலும் சர்க்கரை ஆலை வாசலிலும் ‘நெஞ்சடைத்தால் 108’ என்ற ஒரு வரிக்குக் கொடுக்கலாமே!