கிளட்ச் எத்தனை கிலோமீட்டர் வரும்? உங்க இடது காலைக் கேளுங்க



கார் வாங்கப் போற எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "மைலேஜ் எவ்வளவு?" கிளட்ச் எவ்வளவு நாள் வரும்னு யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் ஷோரூமில் பதில் கிடைக்காது. ஏன்னா ஒரே மாடல் கார், ஒரே வருஷம் வாங்கினது, ஒருத்தர்கிட்ட 1 லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் அதே கிளட்ச்சில் ஓடும். இன்னொருத்தர் 30,000-லேயே மெக்கானிக் முன்னாடி நிற்பார். வண்டி ஒண்ணுதான், ஓட்டுற கால் வேற.

முதலில் காசுக் கணக்கைப் பார்த்துடுவோம். ஒரு சின்ன காருக்கு பார்ட்ஸ், லேபர் எல்லாம் சேர்த்து பில் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்க. 1 லட்சம் கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 12 பைசா. 30,000-ல் போனால் 40 பைசா. மாசம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுறவருக்கு வித்தியாசம் 280 ரூபாய். "இவ்வளவுதானா?" என்று தோணும். ஆனா அந்த 280 மாசாமாசம் கேட்டு வாங்கிக்கிற செலவு இல்லை. ஸ்கூல் ஃபீஸ் கட்டின அதே மாசத்தில் மொத்தமா 12,000 ஆக வந்து நிற்கும். எமர்ஜென்சி ஃபண்ட் இல்லாதவர் கிரெடிட் கார்டைத் தேய்ப்பார். முழுசா கட்டாமல் மினிமம் மட்டும் கட்டினால் மாசத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல வட்டி. டீசல் எஸ்.யு.வி.யா இருந்து, ஃபிளைவீலும் சேர்ந்து போச்சுன்னா, பில் இதைப்போல பல மடங்கு.

இன்ஷூரன்ஸ் கொடுக்குமா? கொடுக்காது. தேய்மானம் பாலிசிக்குள்ள வராது. ஜீரோ டெப் எடுத்தவங்களுக்கும் இதே பதில்தான். அது விபத்துச் சேதத்துக்கு மட்டும். வாரண்டியிலும் கிளட்ச் பிளேட்டை பிரேக் பேடு மாதிரி தேயுற பொருளாத்தான் வைப்பாங்க. ஆக மொத்தச் செலவும் உங்க பாக்கெட்டிலிருந்துதான்.

இப்போ தேய்மானம் எங்கே நடக்குதுன்னு பாருங்க. இன்ஜினோடு சேர்ந்து ஃபிளைவீல் சுத்துது. பிரஷர் பிளேட், கிளட்ச் பிளேட்டை அதன்மேல அழுத்திப் பிடிக்குது. காலை முழுசா எடுத்துட்டா மூணும் ஒண்ணா சுத்தும், உரசல் இல்லை. முழுசா மிதிச்சா பிளேட் விலகிடும், அப்பவும் உரசல் இல்லை. ரெண்டுக்கும் நடுவில், நாம ஹாஃப் கிளட்ச்னு சொல்ற இடத்தில்தான் பிளேட் வழுக்கிக்கிட்டே சூடாகி தேயுது. வண்டியைக் கிளப்ப ஓரிரு வினாடி அது வேணும். அதுக்குமேல போற ஒவ்வொரு வினாடியும் வெட்டிச் செலவு.

அந்த வெட்டிச் செலவு அதிகமா நடக்கிற இடம், மேம்பால ஏற்றம். கத்திப்பாராவில் சாயங்காலம் டிராஃபிக் நிற்கும்போது கவனிச்சுப் பாருங்க. பல பேர் பிரேக்கே மிதிக்க மாட்டாங்க. கொஞ்சம் ஆக்சிலேட்டர், கொஞ்சம் கிளட்ச், வண்டி அந்தரத்தில் நிற்கும். அதைத் திறமைன்னு வேற நினைச்சுப்பாங்க! ஒரு டன் எடையுள்ள வண்டியை அந்த மெல்லிசான பிளேட் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு நிறுத்துங்க. முன்னாடி வண்டி நகர்ந்ததும் கிளட்ச்சை மெதுவா விடுங்க. இன்ஜின் சத்தம் லேசா இறங்கும், வண்டி கிளம்பத் துடிக்கும். அப்போ ஹேண்ட் பிரேக்கை எடுத்தால் பின்னாடி உருளாது. காலி மைதானத்திலோ ஆளில்லாத சரிவிலோ அரை மணி நேரம் பழகினால் வந்துடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்குக் குடும்பத்தோடு போறவங்க கிளம்புறதுக்கு முன்னாடியே இதைப் பழகிட்டுப் போங்க.

அடுத்தது ஓ.எம்.ஆர். மாதிரி ஊர்ந்து போற டிராஃபிக். முன்னாடி ரெண்டடி இடம் கிடைச்சா உடனே நகரணும்னு ஒரு அவசரம். பத்து தடவை ஹாஃப் கிளட்ச்சில் நகர்றதுக்குப் பதிலா, ஒரு கார் நீளம் இடைவெளி வந்தபிறகு ஃபர்ஸ்ட் கியரில் முழுசா காலை எடுத்து நகருங்க. நடுவில் ஒரு ஆட்டோ நுழையும். நுழையட்டும், கிளட்ச்சை விட அது சீப்.

ஓடும்போது கிளட்ச் மேல காலை வச்சிருக்கிறது, சிக்னலில் ஃபர்ஸ்ட் கியர் போட்டு ஒரு நிமிஷம் மிதிச்சபடியே காத்திருக்கிறது, ஸ்பீடு பிரேக்கர் தாண்டி செகண்ட் கியரிலேயே இழுக்கிறது, எல்லாம் இதே குடும்பம்தான். சிக்னலில் மிதிச்சே நின்னா பிளேட்டை விட ரிலீஸ் பேரிங்தான் அடி வாங்கும். ஆனா அந்தச் சின்ன பேரிங்கை மாற்றவும் கியர்பாக்ஸை இறக்கணும். அதனால ஒரு தடவை இறக்கினால் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூணையும் செட்டா மாற்றிடுங்க. ஆயிரம், ரெண்டாயிரம் மிச்சம் பிடிக்கப் பார்த்து ரெண்டு தடவை லேபர் கொடுக்காதீங்க.

"பேசாம சுமார் 50,000 கூட போட்டு ஏ.எம்.டி. வாங்கிடலாமே?" முட்டி வலிக்கு, டிராஃபிக் சலிப்புக்கு வாங்கினால் சரி. கிளட்ச் செலவு மிச்சம்னு நினைச்சு வாங்கினால் தப்புக் கணக்கு. ஏ.எம்.டி.க்குள்ளேயும் அதே கிளட்ச்தான் இருக்கு, கால் வேலையை மெஷின் செய்யுது. ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதிச்சே நிறுத்தினால் அதுவும் கருகும்.

பழைய கார் பார்க்கப் போறவங்களுக்கு ஒண்ணு. டெஸ்ட் டிரைவில் டாப் கியரில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆக்சிலேட்டரை நல்லா மிதிங்க. ஆர்.பி.எம். முள் ஏறி, வேகம் ஏறலைன்னா கிளட்ச் வழுக்குது. பெடலை ஏறக்குறைய முழுசா விட்டபிறகுதான் வண்டி நகருதுன்னாலும் சந்தேகப்படுங்க. மெக்கானிக்கிட்ட அந்த மாடலுக்கான கிளட்ச் செட் விலையையும் லேபரையும் கேட்டு, அந்தத் தொகையை அப்படியே பேரத்தில் கழிச்சுக் கேளுங்க.