ஊருக்கும் ஒரு குப்பி வேண்டும்

ஆற்றிலே ஆலைக்கழிவு கலக்கின்றது என்று உழவர் முறையிட்டால், சான்று எங்கே என்று அரசு கேட்கின்றது. கிணற்றுநீர் நிறம் மாறியதையும் விதைத்தது முளையாமற் போனதையும் ஊரே திரண்டு சொன்னாலும் அது வெறும் முறையீடாகவே நின்றுவிடுகின்றது. ஆய்வகம் ஒன்று தரும் ஒற்றைத்தாள்தான் சான்று எனப்படுகின்றது. அத்தாளில் உள்ள எண்ணே ஆலையை மூடுகின்றது. அவ்வெண்ணே மூடிய ஆலையைத் திறக்கவும் செய்கின்றது. எண்ணுக்கு இத்துணை வலிமை இருக்க, அது பிறந்த வழியைக் கேட்கும் உரிமை அந்நீரைக் குடிக்கும் மக்களுக்கு இல்லையென்றால் அஃது எவ்வகை அறம்?

ஆய்வகத்தின் எண்ணை நம்பலாமா என்பதற்கு அறிவியலுலகம் ஒரு விடை வைத்திருக்கின்றது. அதுவே தகுதியேற்பு (அங்கீகாரம்) என்பது. பன்னாட்டுத் தரநெறிகளுள் 17025 என்னும் எண்ணுடையது ஆய்வகங்களுக்கென்றே 1999இல் வகுக்கப்பெற்று, 2005இலும் 2017இலும் திருத்தப்பெற்றது. இந்திய ஒன்றியத்தில் அந்நெறிப்படி ஆய்வகங்களைத் தேர்ந்து ஏற்பு வழங்குவது என்.ஏ.பி.எல். என்னும் வாரியம். கருவிகள் அளவு திருத்தப்பட்டுள்ளனவா, ஆய்வாளர் பயிற்சியுடையவரா, ஏதும் கலவாத தூயநீரையும் இடையிடையே அளந்து பார்க்கின்றனரா, ஒரே நீரை இருமுறை அளந்தால் விடை ஒத்துவருகின்றதா, பல ஆய்வகங்களுக்கும் ஒரே மாதிரியை அனுப்பி நடத்தும் தேர்வில் அவ்வாய்வகம் தேறுகின்றதா என்றெல்லாம் அவ்வேற்பு பார்க்கின்றது. ஆய்வகம் முழுமைக்கும் ஒட்டுமொத்தமாய் அஃது அமைவதுமில்லை. ஈயத்தை அளக்க ஏற்புப் பெற்ற ஆய்வகம் பூச்சிக்கொல்லியை அளக்க ஏற்புப் பெறாததாகவும் இருக்கக்கூடும்.

இஃது இன்றியமையாத காவலே. எனினும் இக்காவல் தொடங்கும் இடம் எது? ஆய்வகத்தின் வாயிற்படி! மாதிரியை ஆய்வகமே எடுக்காமல் பிறர் கொண்டுவந்து கொடுத்திருப்பின், வந்துசேர்ந்த நிலையில் அந்நீருக்கு மட்டுமே இம்முடிவு பொருந்தும் என்று அறிக்கையில் குறிக்கவேண்டும் என அத்தரநெறியே சொல்கின்றது. பெரும்பாலார் படிக்காமல் விட்டுவிடும் அச்சிறுவரியில்தான் முழு உண்மையும் அடங்கியிருக்கின்றது. குப்பியில் இருந்ததை ஆய்வகம் பிழையின்றி அளந்திருக்கலாம். ஆனால் குப்பியில் இருந்தது ஆற்றின் நீர்தானா? கழிவு திறந்துவிடப்பட்ட இரவில் எடுத்ததா, வாய்க்கால் கழுவப்பட்ட காலையில் எடுத்ததா? ஏற்புச் சான்றிதழ் இதற்கு விடை கூறாது.

குப்பி வரும் வழியில் நேரும் பிழைகள் எப்பக்கம் சாய்கின்றன என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும். கழிவுநீரின் அழுக்கை, அதிலுள்ள நுண்ணுயிரிகள் அதனை உண்ணும்போது செலவாகும் உயிர்வளியைக் கொண்டு அளக்கின்றனர். ஆற்றில் விடப்படும் கழிவுநீருக்கு அவ்வளவு இலிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது நெறி. எடுத்த நீரைக் குளிரில் வைத்து விரைந்து ஆயவேண்டும். வெயிலில் ஊர்தியிலே கிடந்தால், ஆய்வுக்கு முன்பே நுண்ணுயிரிகள் அழுக்கை உண்டுவிடும். அழுக்குநீர் தூயநீராய்த் தோன்றும். ஈயம் போன்ற மாழைகளை (உலோகங்களை) அளக்கவேண்டிய நீரில் காடி (அமிலம்) சேர்க்காவிட்டால் அம்மாழை குப்பியின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். நீரில் குறைவாய்த் தெரியும். இவ்விரண்டிலும், செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டால் மாசுபடுத்தியவனுக்கே ஆதாயம்! சோம்பலே அவனுக்குப் போதும், கையூட்டும் வேண்டியதில்லை.

கருவி பிழைசெய்யாமலே எண் பொய்க்கும் என்பதற்கு, வளம் மிக்க அமெரிக்க நாடே சான்று தருகின்றது. மிச்சிகன் மாநிலத்துப் பிளிண்டு நகரில் 2014ஆம் ஆண்டு ஏப்பிரலில் குடிநீர் எடுக்கும் இடம் மாற்றப்பட்டது. குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்து சேர்க்கப்படாமையால் பழங்குழாய்களின் ஈயம் நீரில் கரைந்தது. மாதிரி எடுப்பதற்குமுன் குழாயைத் திறந்து நீரை ஓடவிடும்படி மக்களுக்குச் சொல்லப்பட்டது. அவ்வாறு செய்தால் இரவெல்லாம் குழாயில் தங்கி ஈயம் ஏறிய நீர் குப்பிக்குள் வராது. 2015இல் எடுத்த 71 மாதிரிகளுள் ஈயம் மிகுந்திருந்த இரண்டைக் கணக்கினின்று நீக்கிவிட்டனர். நடவடிக்கைக்குரிய எல்லை அன்று இலிட்டருக்கு 15 மைக்ரோகிராம். அவ்விரண்டும் இருந்திருந்தால் நகரின் கணக்கு அதனைத் தாண்டியிருக்கும். நீக்கியபின் 11 என்று வந்தது! தாய்மார் தம் வீட்டு நீரைத் தாமே குப்பிகளில் எடுத்து வர்சீனியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியும், குழந்தைகளின் குருதியில் ஈயம் ஏறியிருப்பதை மருத்துவர் ஒருவர் வெளிப்படுத்தியுமே உண்மை வெளிவந்தது. அவ்வாண்டு அத்தோபரில் பழைய நீர் மீண்டும் விடப்பட்டது. பிளிண்டைக் காத்தது மக்கள் கையிலிருந்த குப்பி.

இங்குள்ள சட்டமோ குப்பியின் அருமையை நன்கறியும். 1974ஆம் ஆண்டின் நீர்மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, ஆலையாளருக்கு அறிவித்து, அவர் முன்னிலையில் மாதிரியை இரு பங்காக்கி, ஒவ்வொன்றையும் குப்பியில் அடைத்து இலச்சினையிட்டு, இருவரும் கையெழுத்திடவேண்டும் என்கின்றது. ஒரு குப்பி வாரியத்தின் ஆய்வகத்துக்குச் செல்லும். ஆலையாளர் வேண்டினால் மற்றொன்று அரசு குறித்த ஆய்வகத்துக்குச் செல்லும். இம்முறை வழுவினால் அவ்வாய்வு முறைமன்றத்தில் சான்றாகாது. ஒரு பங்கு வாரியத்துக்கு. ஒரு பங்கு ஆலையாளரின் காப்புக்கு. அந்நீரைக் குடிக்கும் ஊருக்கு? ஒரு துளியும் இல்லை! 1988இல் செய்த திருத்தம், 60 நாள் முன்னறிவித்து எவரும் வழக்குத் தொடுக்க வழிவிட்டது. வழக்குத் தொடுக்க உரிமை கொடுத்தவர்கள், வழக்குக்குரிய சான்றை எடுக்கும் உரிமையைக் கொடுக்கவில்லை. வில்லைக் கொடுத்து அம்பை மறைத்துவைத்தது போன்றதன்றோ இது?

ஊராருக்கு அறிவியல் தெரியாது என்பர் சிலர். தோல் ஆலைகளின் கழிவு பற்றிய வேலூர் வழக்கில் உச்ச முறைமன்றம் 1996இல் வழங்கிய தீர்ப்பைப் புரட்டிப் பார்க்கட்டும். திண்டுக்கல் பகுதியின் 13 சிற்றூர்களில் 467 கிணறுகளுள் 350 மாசுற்றன என்று அத்தீர்ப்பு எடுத்துக்காட்டும் கணக்கு, அரசு எடுத்ததன்று. தன்னார்வ அமைப்பொன்று ஊரூராய்ச் சென்று எடுத்தது. ஊரார் குப்பியில் எதையேனும் கலந்துவிடுவர் என்பர் வேறு சிலர். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே கலத்திலிருந்து மூன்று குப்பிகளையும் நிரப்பி மூவரும் கையெழுத்திட்டால், கலப்படம் செய்த குப்பி மற்ற இரண்டோடும் மாறுபட்டுத் தானே காட்டிக்கொடுக்குமே! மூன்றாவது குப்பி பொய்க்கு வழியன்று. மற்ற இரண்டும் மெய் பேசுவதற்கான பிணை.

ஆகவே வேண்டுவன மூன்று. ஆலைக்கழிவின் மாதிரி எடுக்கும்போது ஊராட்சியின் பேராளர் உடனிருக்கவும், ஊரின் பங்காக மூன்றாவது குப்பி பெறவும் சட்டம் திருத்தப்படவேண்டும். அக்குப்பியை, ஆலையிடம் கூலி பெறாத, உரிய ஆய்வுக்குத் தகுதியேற்புப் பெற்ற ஆய்வகத்தில் அரசின் செலவிலேயே ஆய்ந்து தரவேண்டும். அறிக்கை தமிழில் அமைந்து, மாதிரி எடுத்த இடம், நாள், மணி, எடுத்தவர் பெயர் ஆகியவற்றோடு ஊராட்சி வாயிலில் ஒட்டப்பெறவேண்டும். தன் கிணற்றில் என்ன நஞ்சு இருக்கின்றதென்பதை ஆங்கிலம் கற்றவரிடம் கேட்டறியும் நிலை தமிழ்நாட்டு உழவனுக்கு இனியும் நீடிக்கலாகாது.

பாலாறும் நொய்யலும் கெட்டது ஒரே நாளில் அன்று. அவை கெட்டுக்கொண்டிருந்த ஆண்டுகளிலும் குப்பிகள் நிரம்பின, அறிக்கைகள் எழுதப்பட்டன, கோப்புகள் அடுக்கப்பட்டன. அக்கோப்புகளில் ஊரின் கையெழுத்து மட்டும் இல்லை. இனி எழுதப்படும் கோப்புகளிலேனும் அஃது இருக்கட்டும்! நீர் ஊருடையது, நஞ்சைக் குடிப்பதும் ஊரே. அளக்கும் உரிமையும் ஊருக்கு வேண்டும்.