ரத்தப் பாடத்தை முழுசாக நடத்துங்கள்

'எங்க ரத்தம் வேற' என்ற பேச்சை உளுந்தூர்பேட்டைப் பக்கத்து ஊர்களில் நாம் கேட்காத நாளில்லை. அதற்கான பதில் உயிரியல் பாடத்திலேயே இருக்கிறது. ரத்த வகைகளைக் கண்டறிந்த கார்ல் லேண்ட்ஸ்டெய்னரின் பெயரை நம் பிள்ளைகள் ஒரு மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். ஊர்த்தெருக்காரருக்கும் காலனிக்காரருக்கும் ஒரே வகை ரத்தம் இருக்கலாம். ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பிக்கு வேறு வேறு வகை இருக்கலாம். இதை வாய்விட்டுச் சொல்லாமலே பல வகுப்புகளில் பாடம் முடிந்துவிடுகிறது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரை, உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை வேண்டும் என்றது. கயிற்றை அறுத்துவிடலாம், மனதில் இருக்கும் முடிச்சை அவிழ்ப்பது யார்?

அது சமூக அறிவியல் ஆசிரியரின் வேலை என்பார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. சாதி தன்னை ரத்தத்தின் பெயரால்தான் நியாயப்படுத்துகிறது. 1936-லேயே அம்பேத்கர், பஞ்சாபின் பிராமணரும் அதே மண்ணின் தீண்டப்படாதவரும் ஒரே இனத்தவர்தான் என்று எழுதினார். 2013-இல் ஹைதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மைய விஞ்ஞானிகளும் ஹார்வர்டு ஆய்வாளர்களும் வெளியிட்ட மரபணு ஆய்வும், சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை இங்கே பரவலாகக் கலப்பு நடந்தது, அகமணம் பிறகுதான் இறுகியது என்று காட்டியது. சொந்தத்துக்குள்ளேயே மணம் முடித்தால் ஒடுங்கு மரபணு நோய்கள் கூடும் என்பதும் மெண்டல் பாடத்தின் தொடர்ச்சிதானே?

நாம் கேட்பது பெரிய செலவில்லை. ரத்தப் பாடம் நடத்தும் வாரத்தில் அரசு மருத்துவமனை ஆய்வக நுட்பநர் பள்ளிக்கு வரட்டும். பெற்றோர் சம்மதத்தோடு பிள்ளைகளின் ரத்த வகையைப் பார்த்துச் சொல்லட்டும். பெயர் எழுதாமல், எந்த வகையில் எத்தனை பேர் என்று மட்டும் கரும்பலகையில் எழுதுங்கள். அரசுப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கல்வராயன் மலை உண்டு உறைவிடப் பள்ளி என எல்லா இடத்திலும் இது நடக்க வேண்டும். மாவட்டக் கல்வி நிர்வாகம் ஓர் உத்தரவு போட்டால் போதும்.

அந்தப் பலகையில் நான்கு வகைகள் இருக்கும். அவற்றில் சாதி எங்கே என்று பிள்ளைகளே தேடிப் பார்க்கட்டும்.