உரிமையை எழுதினால் மட்டும் போதுமா?

விடுதலை என்பது ஒருவர் வழங்க மற்றொருவர் பெற்றுக்கொள்ளும் கொடைப்பொருள் அன்று. அது மாந்தனின் இயல்பு. அதனின்று பிரிக்கவொண்ணாதது பொறுப்பு. இவ்வுண்மையைத் தம் அரசியல் கட்டுரைகளில் வலியுறுத்தியவர் பிரெஞ்சு நாட்டு மெய்ப்பொருள் அறிஞர் சார்த்தர் (1905–1980). பேசுவது மட்டுமன்று, வாய்மூடியிருப்பதும் ஒருவன் தானே தேர்ந்துகொண்ட செயலே என்பது அவர் கொள்கை. வேறு வழியில்லை என்று சொல்லித் தன்னைத்தானே ஏய்த்துக்கொள்பவனை அவர் பொறுத்தாரல்லர். அல்சீரிய மக்களின் விடுதலைப் போரைத் தம் நாட்டரசே ஒடுக்கியபோது, அப்போரில் படைக்கலம் ஏந்த மறுத்தோர்க்கு ஆதரவாக 1960ஆம் ஆண்டு 121 பேர் விடுத்த அறிக்கையில் தாமும் கையொப்பமிட்டார்.

இத்தகைய நெஞ்சுரத்தை வையைக் கரையும் கண்டதுண்டு. மதுரைத் தியாகராசர் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கியவர் சி. இலக்குவனார். தொல்காப்பியத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து 1963ஆம் ஆண்டு வெளியிட்டவர். அப்புகழோடு அமைந்து, திங்கள்தோறும் ஊதியம் பெற்று வாழ்ந்திருந்தால் எவரும் அவரைக் குறை கூறியிரார். அவரோ ‘குறள்நெறி’ இதழை நடத்தி, தமிழ்நாட்டில் தமிழே கல்விமொழியாதல் வேண்டுமென ஓயாது எழுதினார். எழுதியதோடும் நின்றாரல்லர். இந்தித் திணிப்பை எதிர்த்து மதுரை மாணவர் தெருவில் திரண்ட 1965ஆம் ஆண்டில், கல்லூரிப் பாடங்கள் அனைத்தும் தமிழில் பயிற்றப்பெறல் வேண்டுமென்று மக்களிடம் எடுத்துரைத்தவாறு மதுரையிலிருந்து சென்னைவரை நடந்து செல்லத் திட்டமிட்டார். அன்றைய பேராயக் கட்சி அரசு இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அவரைச் சிறையிலடைத்தது. நடைச்செலவு தடைப்பட்டது, கல்லூரிப் பணியும் பறிபோனது.

அயலான் அடக்கும்போது எதிர்ப்பது ஓரளவு எளிது. தமிழைத் தமிழனே ஒதுக்கும்போது எதிர்ப்பது அரிது. அங்கே பகைவன் முகம் உறவினன் முகமாயிருக்கும். இலக்குவனார் ஏற்றது அவ்வரிய பொறுப்பு.

இன்று நிலை என்ன? உயர்கல்வியில் ஆங்கிலமே அரசோச்சுகின்றது. கண்ணகி வழக்குரைத்ததாகச் சிலம்பு கூறும் மதுரையில், 2004ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற உயர்முறைமன்றக் கிளையில் ஆங்கிலமே மன்றமொழி. தமிழை அம்மொழியாக்க வேண்டிச் சட்டமன்றம் 2006ஆம் ஆண்டு தீர்மானம் நிறைவேற்றியும் பயன் விளையவில்லை. தவறான தன் தீர்ப்புக்குத் தானே பொறுப்பேற்று உயிர்நீத்த பாண்டியனின் தலைநகரிலே, இந்நிலைக்குப் பொறுப்பேற்பார் எவருமிலர்.

அரசாணை இல்லை என்பார் ஆசிரியர். நூல்கள் இல்லை என்பார் பேராசிரியர். வேலை கிடைக்காது என்பார் பெற்றோர். ஒவ்வொரு கூற்றிலும் சிறிது உண்மையுண்டு. ஆயினும் நூல் இல்லையெனில் அதனை எழுதவேண்டியவர் யார்? ஆணை இல்லையெனில் அதனைக் கேட்டுப் பெறவேண்டியவர் யார்? மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் கல்லூரி புகும் உழவர் வீட்டுப் பிள்ளை, பொருள் விளங்காப் பாடத்தை நெட்டுருச் செய்து, ஈற்றில் தன் அறிவையே ஐயுறுகின்றான். அவனுக்கு இவர்கள் கூறும் விடை யாது?

இன்று எவரையும் சிறைபுக அழைக்கவில்லை. கற்றோர் ஒவ்வொருவரும் ஒரு பாடத்தையேனும் தமிழில் நடத்துக. ஒரு நூலையேனும் தமிழில் எழுதுக. தம் மக்களைத் தமிழ்வழிப் பள்ளியில் சேர்க்க. இவற்றுள் ஒன்றும் செய்யாதார், மேடையில் தமிழுரிமை பேசுதலை விட்டொழிக.