எல்லாம் கிடைக்கிறது, எங்கே என்றுதான் தெரியவில்லை

1958 ஜனவரி 1ஆம் திகதி கண்டியில் ஒரு பதிப்புச் சங்கம் தொடங்கியது. ஊர்க்காரர் இருவரும், உடவத்தகலே காட்டுக்குள் குடில் அமைத்து வாழ்ந்த ஜேர்மன் பிக்கு ஞானபொனிக தேரரும் சேர்ந்து உருவாக்கிய பௌத்த வெளியீட்டுச் சங்கம் அது. 'வீல்' என்ற வரிசையில் ஆங்கிலக் குறுநூல்களை அச்சிட்டு, உறையிலிட்டு, முத்திரை ஒட்டி உலகமெங்கும் அனுப்பினார்கள். 1990களில் ஜோன் புல்லிட் என்ற அமெரிக்கர் தொடங்கிய 'அக்சஸ் டு இன்சைட்' இணையத்தளம் அவற்றில் பலவற்றை இலவசமாக ஏற்றியது. ஆசிரியரும் பரீட்சையும் இல்லாமல் தானாகப் படிக்க விரும்பிய எத்தனையோ வெளிநாட்டவருக்குப் பாடநூல் கண்டியிலிருந்துதான் போயிற்று.

சமயம் இங்கே பேச்சில்லை. அந்த வரிசையில் ஒவ்வொரு நூலுக்கும் ஓர் எண் இருந்தது. எண்ணுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார். வந்த கையெழுத்துப் படிகளை வாசித்து, இது வேண்டும், இது வேண்டாம் என்று பிரித்தவர் அவர். இன்று நம் கையிலுள்ள திரையில் இல்லாமற் போனது அந்த மனிதர்தான்.

யூடியூப் பரிந்துரைக்கும் விதத்தைப் பாருங்கள். நம்மைப் போன்றவர்கள் எதை அதிக நேரம் பார்த்தார்களோ அதையே நமக்கும் நீட்டுகிறது. தமிழில் பார்ப்பவர்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டார். அங்கே ஏழு கோடிக்கும் மேல், இலங்கையில் தமிழ் பேசுவோர் ஏறத்தாழ ஐம்பது லட்சம். ஆகவே கட்டுகஸ்தோட்டையில் கோயில், கோட்டை, அரசர் என்று ஆர்வம் கொண்ட பிள்ளைக்குத் தஞ்சாவூர் வரும், கீழடி வரும். வரட்டும், நல்லதுதான். ஆனால் பஸ்ஸில் தினமும் கடந்து போகும் கண்டி வாவியை வெட்டுவித்த அரசன் தானாக வரமாட்டான். அவனைத் தேடித்தான் போகவேண்டும்.

அவனையே தேடிப் பார்ப்போம். கண்ணுசாமி என்ற இயற்பெயருடைய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1798இல் முடிசூடியவன். 1815 பெப்ரவரி 18ஆம் திகதி மெதமகாநுவரப் பக்கம் பிடிபட்டான். அடுத்த ஆண்டு கப்பலேற்றப்பட்டு, 1832இல் வேலூரில் இறந்தான். இவனைப் பற்றித் தமிழில் தேடினால் பாலாற்றங்கரை முத்துமண்டபமும், 'கடைசித் தமிழ் மன்னன்' என்று பெரிய எழுத்துப் போட்ட காணொளிகளும் வருகின்றன. சிங்களத்தில் தேடினால் வேறோர் ஆள் வருகிறான்: தன் அமைச்சர் எஹலபொலவின் மனைவி மக்களைக் கொல்வித்த கொடுங்கோலன். அந்தப் பிள்ளைகளில் தலை கொடுக்க அஞ்சாமல் முன்வந்த சிறுவன் மத்தும பண்டாரவின் கதையைச் சிங்களப் பிள்ளைகள் எல்லோரும் அறிவார்கள். ஆங்கிலத்தில் தேடினால் ஜோன் டொய்லியின் நாட்குறிப்பு. பிரித்தானியருக்காக உளவு வலை பின்னிய அதிகாரி அவர். 1810 முதல் 1815 வரை எல்லை தாண்டி வந்தவர்கள் சொன்னதையெல்லாம் எழுதிவைத்தார். 1917இல் அது நூலாயிற்று. அரசனைக் கொடியவனாகக் காட்டுவதில் யாருக்கு இலாபம் இருந்தது என்ற ஐயம் அதைப் புரட்டும்போது தானாகவே எழும்.

ஒரே மனிதன், மூன்று மொழிகளில் மூன்று ஆட்கள். துப்பறியும் கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? இந்த விளையாட்டுக்குக் கண்டிப் பிள்ளையைப் போல் தகுதி பெற்றவர் குறைவு. வீட்டில் தமிழ், தெருவில் சிங்களம், புத்தகப்பையில் ஆங்கிலம் என்று வளர்கிற பிள்ளை அது. மூன்றும் காதில் விழுகின்றன, தேடல் பெட்டியில் மட்டும் ஒன்றுதான் போகிறது. கடைசியில் பாதை இணையத்துக்கு வெளியே வந்துவிடுவதையும் சொல்லவேண்டும். பேராதனையில் படித்த மானுடவியலாளர் கணநாத் ஒபேசேகர 2017இல் இந்த அரசனைப் பற்றி ஒரு முழு நூல் எழுதி, கொடுங்கோலன் கதையைக் கேள்விக்குள்ளாக்கினார். அதற்கு நூலகத் தட்டுக்குத்தான் போகவேண்டும்.

நம்மைப் பற்றியவை தானாக மேலே வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது வெறும் தொழில்நுட்பம். 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் உள்ளன. அந்தனி ஜீவாவின் 'கொழுந்து' போன்ற மலையக இதழ்களும் அங்கே கிடைக்கின்றன. ஆனால் பெரும்பாலானவை பக்கங்களை வருடி எடுத்த படங்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி எப்போதும் சரியாக வாசிப்பதில்லை. உள்ளே அற்புதமான ஒரு கட்டுரை இருந்தாலும், யாரோ ஒரு தொண்டர் பொறுமையாக உட்கார்ந்து தட்டெழுதிய உள்ளடக்கப் பட்டியல்தான் பெரும்பாலும் அதை வெளியே காட்டுகிறது. அந்தப் பட்டியல்களை மேய்வதே ஒரு பொழுதுபோக்கு. சினிமாப் பாட்டுப் புத்தகத்தில் மூழ்குவது போல் மூழ்கலாம். அப்படி ஓர் இடம் இருப்பதை யாராவது ஒருதரம் சொல்லியிருக்கவேண்டும், அவ்வளவுதான்.

யார் சொல்வது? பள்ளிக்கூடத்துக்கு நேரமில்லை. இணையக் கல்வி என்றால் நம் வீடுகளில் சூம் வகுப்பு, வட்ஸ்அப்பில் வரும் கடந்தகால வினாத்தாள், பதிவுசெய்த உயர்தர டியூஷன். தரம் 5 புலமைப்பரிசிலில் தொடங்கும் ஓட்டம் இது. பாடத்திட்டத்துக்கு வெளியே ஒன்றைப் பார்க்கும் பிள்ளையிடம் 'இது பரீட்சைக்கு வருமா' என்று கேட்கிறோம். பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை. பல்கலைக்கழக இடம் குறைவு, பயம் நியாயமானது. ஆனாலும் அந்தக் கேள்வி கேட்கப்படும் வீட்டில் டொய்லிக்கு இடம் கிடைப்பது கடினம்.

பரீட்சைக்கு வராத, ஆனால் விட்டுவிட முடியாத ஒன்றைச் சொல்கிறேன். கோர்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் கூடத்தின் 'மெர்லின்' செயலி. ஊரையும் நாளையும் நிறத்தையும் சொன்னால் பறவை என்னவாக இருக்கலாம் என்று காட்டும்; குரலைக் கேட்டும் சொல்லப் பார்க்கும். பறவைத் தொகுதியை முன்கூட்டியே இறக்கிக்கொண்டால் காட்டுக்குள் டேட்டா தேவையில்லை. சந்தடி மிகுந்த நகரத்தின் தலைக்கு மேலே நூறு ஹெக்டயருக்கும் மேலான உடவத்தகலே காடு கிடக்கும் ஊரில் இதைவிட மலிவான பள்ளிக்கூடம் இல்லை. செயலி தவறும் செய்யும். அது தவறும் இடத்தில்தான் பிள்ளை நிஜமாகப் பார்க்கத் தொடங்குகிறது.

நகரத்துக்கு வெளியே கதை மாறிவிடும். தெல்தோட்டைப் பக்கம் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டதை உலகத் தளங்களில் எங்கும் வாசிக்கலாம். அதே மலைகளின் லயங்களில் அந்த இணையப் பக்கத்தைத் திறக்க சிக்னல் வேண்டும், ரீலோட் போடக் காசு வேண்டும். 2021இல் ஊவாவின் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் சிக்னலுக்காகப் பாறை உச்சிக்கு ஏறிய செய்தி உலகம் சுற்றியது. அதைத் தோட்டத்துப் பெற்றோர் வியப்பாகப் பார்த்திருக்கமாட்டார்கள்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமுடியாது. 'நெனசல' நிலையங்களை ஊரூராகத் திறந்தது. அத்திட்டத்துக்கு 2014இல் கேட்ஸ் அறக்கட்டளையின் பத்து லட்சம் டொலர் விருதும் கிடைத்தது. ஆனால் நெனசல கொடுத்தது முக்கியமாகக் கணினியும் இணைப்பும். கையிலேயே கணினி வந்துவிட்ட பிறகு அந்தத் தேவை சுருங்கிவிட்டது. எதைப் பார்க்கலாம் என்று சொல்லும் ஆளின் தேவை சுருங்கவில்லை.

அந்த ஆளைக் கண்டியில் எங்கே உட்காரவைப்பது? என் பதில் டி.எஸ். சேனாநாயக்க ஞாபகார்த்தப் பொது நூலகம். தலதா மாளிகைக்கு எதிரே ராணிகள் குளித்த உல்பென்கெ மண்டபத்துக்கு மேல் மாடி கட்டி, வெள்ளைக்காரர் தங்களுக்கொரு நூலகம் வைத்துக்கொண்ட ஊர் இது. அதில் சாதாரண ஜனங்களுக்கு இடமில்லை. இப்போதுள்ள பொது நூலகம் நம்முடையது. அங்கே மும்மொழியும் அறிந்த ஒரு நூலகர், மாதத்துக்கு ஒரு பொருள்: அரசன், வாவி, தேயிலை, காட்டுப் பறவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கத் தாளில் பத்துச் சுட்டிகள், கூடவே தட்டிலுள்ள இரண்டு புத்தகங்களின் பெயர். தேர்வில் நூலகரின் சாய்வு இருக்கும்தான், அதனால் தாளின் அடியில் அவர் பெயரும் இருக்கட்டும், வாசகர் சண்டைபிடிக்க வசதியாக. யந்திரத்தின் சாய்வோடு சண்டைபிடிக்க முகவரி கிடையாது. அதே தாளை வட்ஸ்அப்பில் புசல்லாவைக்கும் நாவலப்பிட்டிக்கும் அனுப்ப ஒரு ரூபாய் டேட்டாகூட ஆகாது. புதுக் கட்டடம் தேவையில்லை, திறப்பு விழா தேவையில்லை. ஒரு சம்பளம் தேவை. மாநகர சபையின் அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் கணினி வாங்க ஒதுக்கும் தொகையிலிருந்து அதைப் பிரித்தெடுக்க உறுப்பினர் யாராவது ஒரு பிரேரணை கொண்டுவரலாம்.