கம்பனைக் கைவிடாத யாத்திரிகர்

பொதுநோக்குக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தல் என்றால் தன் விருப்பத்தைத் துறத்தல் என்றே பிரசங்க மேடைகளில் கேட்டுப் பழகியிருக்கிறோம். எச்.ஏ.கிருஷ்ணப்பிள்ளையின் (1827–1900) வாழ்வு வேறு விடை தருகிறது.

நெல்லைச் சீமையில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்து, கம்பராமாயணத்தில் தோய்ந்தவர் அவர். 1858-இல் திருமுழுக்குப் பெற்றபின் அப்புலமையை அவர் ஒதுக்கியிருந்தால் எவரும் வியந்திருக்கமாட்டார்கள். அவரோ, ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட உரைநடைக் கதையைத் தழுவி, கம்பன் வழியில் 'இரட்சணிய யாத்திரிகம்' பாடினார்; 1894-இல் அது நூலாயிற்று. காவியம் இயற்றுதல் அவர்தம் வேட்கை. மீட்பை உரைத்தல் திருச்சபையின் பணி. இரண்டும் ஒரே நூலில் கூடின.

அதற்கு விலையும் உண்டு. இன்று அக்காவியத்தைக் கற்போர் சிலரே. ஆலயங்களில் அவர் பாடல்களைப் பாடுவோரிலும் பலர் இயற்றியவர் பெயரை அறியார். ஆயினும் பாடல் தன் பணியைச் செய்துகொண்டுதான் இருக்கிறது.

கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலில் பவுல் சபையை உடலுக்கு ஒப்பிடுகிறார். கண் கையாக மாறவேண்டியதில்லை. ஆனால் அது காண்பது உடல் முழுமைக்கும். நம் இலக்கைச் சபையின் நோக்கோடு இசைவித்தல் என நாம் கருதுவதும் இதுவே. திறன் நம்முடையதாகவே இருக்கட்டும். புகழ் யாருக்கு என்ற கணக்கை மட்டும் விட்டுவிடுவோம்.