கோலாவுக்கு 40%, கப்கேக்குக்கு 5%: சர்க்கரைக் கணக்கு எங்கே இடிக்கிறது?

2025 செப்டம்பர் 22 முதல் கேக், பேஸ்ட்ரி, பிஸ்கட் மீதான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அதே பட்டியலில் சர்க்கரை சேர்த்த குளிர்பானங்கள் 40 சதவீத அடுக்கில் இருக்கின்றன. அப்போ கப்கேக்கில் சர்க்கரை கம்மியா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மைதா, வெண்ணெய், சர்க்கரை, முட்டை நான்கும் சம எடையில் போடுவது பழைய பேக்கரி கணக்கு. அதன்படி 45 கிராம் கேக்கில் சுமார் 11 கிராம் சர்க்கரை. மேலே சுழற்றி வைக்கும் பட்டர்கிரீமில் ஒரு பங்கு வெண்ணெய்க்கு இரண்டு பங்கு ஐசிங் சுகர். 30 கிராம் கிரீம் என்றால் அதில் 20 கிராம் சர்க்கரைதான். மொத்தம் 31 கிராம், ஏறக்குறைய 8 டீஸ்பூன். 250 மி.லி. கோலாவில் இருப்பதோ சுமார் 26 கிராம்!

நாளொன்றுக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு, சேர்க்கப்பட்ட சர்க்கரை போன்றவை 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆபீஸ் பிறந்தநாளில் கைக்கு வரும் ஒரே ஒரு கப்கேக் அந்த 25-ஐத் தாண்டிவிடுகிறது.

சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தால் என்ன? கேக்குக்குள் அது அவ்வளவு சுலபமில்லை. அங்கே சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை. ஈரத்தைப் பிடித்து வைப்பது, மைதாவின் குளூட்டன் இறுகாமல் தடுப்பது, கேக் உப்பி முடிக்கும்வரை மாவு செட் ஆகாமல் தாமதப்படுத்துவது எல்லாம் அதன் வேலை. ரொம்பக் குறைத்தால் கேக் ரொட்டி மாதிரி ஆகிவிடும். ஆனால் மேலே இருக்கும் கிரீமுக்கு இந்தச் சாக்கு செல்லாது. அதைப் பாதியாகக் குறைத்தால் கேக்குக்கு ஒன்றும் ஆகாது, 10 கிராம் சர்க்கரை மிச்சம். நியாயமாகக் கை வைக்க வேண்டிய இடம் அதுதான்.

பாக்கெட் கேக்கில் விஷயம் வேறு. பொருட்களை எடை அதிகமுள்ளதில் தொடங்கி வரிசையாக அச்சிட வேண்டும் என்பது விதி. சர்க்கரை, லிக்விட் குளுக்கோஸ், இன்வர்ட் சிரப், டெக்ஸ்ட்ரோஸ் என்று பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். எனவே ஊட்டச்சத்துக் கட்டத்தில் 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' வரியையே பாருங்கள். 100 கிராமுக்கா, ஒரு பரிமாறலுக்கா என்பதையும் சேர்த்து. கூடவே இருக்கும் 471 கொழுப்பையும் நீரையும் பிரியாமல் வைக்கும் எமல்சிஃபையர். 202 பூஞ்சை வராமல் தடுப்பது. எண்ணைப் பார்த்தே பயப்பட வேண்டியதில்லை.

பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே எச்சரிக்கை வேண்டும் என்ற வழக்கில், 3 மாதத்தில் நிபுணர் குழு பரிந்துரை தர வேண்டும் என 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பிறகு அவகாசம் நீண்டது. சிலி நாட்டில் 2016-லேயே கறுப்பு எண்கோண முத்திரை வந்துவிட்டது.

ஆனால் அந்த முத்திரை வந்தாலும் அது பாக்கெட்டுக்கு மட்டுமே. கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைத்த கப்கேக்குக்கு லேபிளே கிடையாது. 10 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள உணவகங்கள் கலோரியைக் காட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. அதுவும் கலோரிதான், சர்க்கரை இல்லை. தெருமுனை பேக்கரிக்கு அதுவும் பொருந்தாது.